அச்சத்தை விசுவாசக் கணக்கில் எழுதக் கூடாது: சிரியாவின் மதச் சிறுபான்மையினர் குறித்து எங்கள் நிலைப்பாடு

சிரியாவில் 54 ஆண்டுகள் நீடித்த அசாத் குடும்பத்தின் ஆட்சி 2024 டிசம்பர் 8 அன்று வீழ்ந்தது. அன்றிலிருந்து அந்நாட்டின் அலவிகள், கிறிஸ்தவர்கள், துரூஸ்கள், இஸ்மாயிலிகள் ஆகியோரிடம் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது: 2011இல் மக்கள் தெருவில் இறங்கியபோது நீங்கள் யார் பக்கம் நின்றீர்கள்? கேட்பவர்களில் பலர் பதிலையும் முன்னமே முடிவு செய்துவிட்டார்கள். மதச் சிறுபான்மையினரின் உரிமைக்காகப் பணியாற்றும் எங்கள் அமைப்பு இதை ஏற்கவில்லை. மறுத்தால் சிறை என்றிருந்த நாட்டில் ஒரு சமூகம் காட்டிய பணிவை அதன் அரசியல் விருப்பமாகக் கொள்ள முடியாது. அந்தப் பணிவையே குற்றப்பத்திரிகையாக்கி, பிறந்த குழந்தை வரை எல்லோரையும் கூண்டில் ஏற்றவும் முடியாது.

சிறுபான்மையினரின் காவலர் என்ற பட்டத்தை அசாத்துகள் தங்களுக்குத் தாங்களே சூட்டிக்கொண்டார்கள். அந்தக் காவல் எப்படி இருந்தது என்பதை அவர்களுடைய சொந்தச் சமூகமான அலவிகளிடமிருந்தே தொடங்கிப் பார்க்கலாம். 1970இல் ஹாஃபிஸ் அல் அசாத் ஆட்சியைப் பிடித்தபோது அவர் சிறையில் தள்ளிய சலா ஜதீத் ஓர் அலவி. 1993இல் இறக்கும்வரை அவர் வெளியே வரவில்லை. ஹாஃபிஸின் மகன் பஷார் பதவியேற்ற மறு ஆண்டே, ஊழலைக் கேள்வி கேட்ட பொருளியலாளர் ஆரிஃப் தலீலா கைதானார். அலவியான அவர் ஏழு ஆண்டுகள் சிறையில் இருந்தார். ஜனாதிபதி இஸ்லாமியராகவே இருக்க வேண்டும் என்ற விதி 1973 அரசமைப்பில் இடம்பெற்றது. 2012இல் பஷார் கொண்டுவந்த புதிய அரசமைப்பிலும் அது அப்படியே இருந்தது. மதச்சார்பின்மையின் கோட்டை என்று உலகுக்குச் சொல்லிக்கொண்ட அரசு, ஒரு கிறிஸ்தவர் நாட்டின் தலைவராக வர முடியாது என்று எழுதியே வைத்திருந்தது. அது கொடுத்த காவல், பிணைக்கைதிக்குக் கிடைக்கும் காவல்தான்.

2011இல் போராட்டக்காரர்கள் சிறுபான்மையினரை அழைக்கவில்லை என்பதும் உண்மையன்று. வெள்ளிக்கிழமைதோறும் நடந்த ஆர்ப்பாட்டங்களுக்கு அவர்கள் பெயர் வைத்த விதத்தைப் பாருங்கள். ஏப்ரல் 22 புனித வெள்ளி என்பதால் அந்நாளுக்குக் கிறிஸ்தவர் வழங்கும் பெயரையே வைத்தார்கள். அன்று நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஜூன் 17க்கு, பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து நின்ற அலவி ஷேக் சாலிஹ் அல் அலியின் பெயர். இஸ்மாயிலிகளின் ஊரான சலமியா தொடக்க வாரங்களிலேயே தெருவுக்கு வந்தது. இந்த ஒற்றுமையைத்தான் அரசு முதலில் குறிவைத்தது. அமைதியாக ஊர்வலம் போனவர்களைச் சிறையில் அடைத்த அதே மாதங்களில், பொதுமன்னிப்பு என்ற பெயரில் சைத்னாயா சிறையிலிருந்து மதத் தீவிரவாதிகளை வெளியே விட்டது. அவர்களில் ஸஹ்ரான் அல்லூஷ் உட்படச் சிலர் பின்னர் பெரும் ஆயுதக் குழுக்களுக்குத் தலைவர்களானார்கள். அச்சத்துக்கு வேறு காரணமும் இருந்தது. பாக்தாதில் 2010 அக்டோபர் 31 அன்று ஆயுததாரிகள் தேவாலயத்துக்குள் புகுந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது சிரியக் கிளர்ச்சிக்கு ஐந்தே மாதம் முன்பு. அங்கிருந்து தப்பிய ஈராக்கியக் கிறிஸ்தவக் குடும்பங்கள் டமாஸ்கஸில் வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தன. பக்கத்து வீட்டில் இப்படி ஒரு குடும்பம் இருக்கும்போது, ‘நான் போனால் உங்களுக்கும் இதே கதி’ என்று ஆட்சியாளர் மிரட்டினால் அந்த மிரட்டலுக்கு விளக்கவுரை தேவைப்படாது.

இவ்வளவுக்குப் பிறகும் பணிய மறுத்தவர்கள் உண்டு. அலவி நடிகை ஃபத்வா சுலைமான் முற்றுகையிடப்பட்ட ஹோம்ஸில் சுன்னி இளைஞர்களோடு மேடையில் நின்று முழக்கமிட்டார். தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வீடு வீடாக மாறித் தலைமறைவாக இருந்தார். அமெரிக்காவின் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை படித்துக்கொண்டிருந்த கிறிஸ்தவ இளைஞர் பாசில் ஷஹாதே, படிப்பை விட்டுவிட்டு வந்து ஹோம்ஸில் கேமராவோடு நின்றார். 2012 மே மாத இறுதியில் குண்டுவீச்சில் இறந்தார். டமாஸ்கஸில் அவருக்காக வழிபாடு நடத்த உறவினரும் நண்பர்களும் தேவாலயத்துக்கு வந்தபோது பாதுகாப்புப் படையினர் தடுத்தார்கள். கிறிஸ்தவர்களைக் காப்பதாகச் சொன்ன அரசு, இறந்துபோன ஒரு கிறிஸ்தவருக்காக ஜெபிக்கக்கூட விடவில்லை. ஸ்வைதாவில், பிற ஊர்களின் மக்கள்மீது துப்பாக்கி தூக்க மாட்டோம் என்று ஆயிரக்கணக்கான துரூஸ் இளைஞர்கள் ராணுவத்துக்குப் போக மறுத்தார்கள். அவர்களுக்குத் துணைநின்ற ஷேக் வஹீத் அல் பல்ஊஸ் 2015இல் கார் குண்டுக்குப் பலியானார்.

உளவுத்துறையிலும் ராணுவத்தின் மேல்மட்டத்திலும் அலவிகள் நிறைந்திருந்தது உண்மைதானே என்று கேட்கிறார்கள். உண்மைதான், நாங்கள் அதை மறைக்கவில்லை. சித்திரவதைக் கூடங்களை நடத்தியவர்கள் பெயர் சொல்லி, சாட்சியோடு, நீதிமன்றத்தில் நிறுத்தப்பட வேண்டும். ஆனால் 32 ஆண்டுகள் பாதுகாப்பு அமைச்சராக இருந்த முஸ்தஃபா தலாஸ் ஒரு சுன்னி. டமாஸ்கஸ், அலெப்போ நகரங்களின் பெரும் வணிகர்கள் பலரும் சுன்னிகளே. அவர்களும் நெடுநாள் ஆட்சியோடு ஒட்டியிருந்தார்கள். இதற்காக எந்தச் சுன்னி கிராமத்தையும் யாரும் கொளுத்தச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. பெரும்பான்மையில் ஒருவர் செய்தால் அது அவர் செயல், சிறுபான்மையில் ஒருவர் செய்தால் அது அவர் சமூகத்தின் செயல் என்ற இரட்டை அளவுகோலைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம். இன்னொரு பக்கம், மேடையேறி ஆட்சியை வாழ்த்திய ஆயர்களையும் ஷேக்குகளையும் நாங்கள் விட்டுவிடவில்லை. பயந்து வாய் மூடிய கடைக்காரரும், ஒரு சமூகத்தின் பெயரால் கையெழுத்திட்ட மதத் தலைவரும் ஒரே தட்டில் வைக்கத் தக்கவர்கள் அல்லர். அந்தத் தலைவர்கள் தங்கள் சொல்லுக்குத் தங்கள் மக்களிடம் பதில் சொல்ல வேண்டும்.

எங்களை மிகவும் வருத்தும் ஆட்சேபம் ஒன்று உண்டு: அச்சம் பலித்துவிட்டதே, அப்படியானால் அசாத் சொன்னது சரிதானே என்பது. 2025 மார்ச்சில், அசாத் ஆதரவு ஆயுதக் குழுக்கள் அரசுப் படைகளைத் தாக்கியதைத் தொடர்ந்து, கடலோர ஊர்களில் ஆயுததாரிகள் வீட்டுக்குள் நுழைந்து ‘நீ அலவியா, சுன்னியா?’ என்று கேட்டுச் சுட்டார்கள். அந்நாட்களின் வன்முறையில் சுமார் 1,400 பேர் இறந்ததாக ஐ.நா. விசாரணைக் குழு கூறுகிறது. ஜூன் 22 அன்று டமாஸ்கஸின் மார் எலியாஸ் தேவாலயத்தில் வழிபாட்டின்போது குண்டு வெடித்து 25 பேர் மாண்டார்கள். ஜூலையில் ஸ்வைதாவில் நூற்றுக்கணக்கான துரூஸ்கள் கொல்லப்பட்டார்கள். இவற்றின் குற்றம் முதலில் கொன்றவர்களுடையது, அடுத்து தடுக்கத் தவறியதும் சில இடங்களில் தன் படையினரே கலந்துகொண்டதுமான புதிய அரசுடையது. ஆனால் இது அசாத்தை நியாயப்படுத்தாது. சுயேச்சையான நீதிமன்றமோ, கட்சியோ, அண்டை வீட்டாரோடு வெளிப்படையாகப் பேசும் சங்கமோ இல்லாமல் அரை நூற்றாண்டு பார்த்துக்கொண்டவர்கள் அசாத்துகளே. பகையைத் தணிக்கும் வழி ஒவ்வொன்றையும் அடைத்துவிட்டு, பகை இருக்கிறது பாருங்கள் என்று காட்டியவர் காவலராக மாட்டார்.

ஆகவே சிரியாவின் இடைக்கால அரசிடம் நாங்கள் கேட்பது இவை. கடலோரத்திலும் ஸ்வைதாவிலும் கொன்றவர்கள்மீதும், அசாத்தின் சிறைகளை நடத்தியவர்கள்மீதும் ஒரே சட்டத்தின் கீழ், திறந்த நீதிமன்றத்தில் வழக்கு நடக்க வேண்டும். எந்தச் சோதனைச் சாவடியிலும் ஒருவரின் மதப் பிரிவைக் கேட்பது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும். 2025 மார்ச் 13 அன்று கையெழுத்தான அரசமைப்புப் பிரகடனத்தில், ஜனாதிபதியின் மதம் குறித்த அந்தப் பழைய விதி மறுபடியும் இடம்பெற்றிருக்கிறது. நிரந்தர அரசமைப்பு எழுதப்படும்போது அது நீக்கப்பட வேண்டும்.