கலைக்கும் ஒரு மகமை வேண்டும்



நான் மிளகாய், பருப்பு மொத்த வியாபாரம் செய்கிறவன். பள்ளிக்கூடப் படிப்போடு கல்லாவில் உட்கார்ந்தவன். சங்கீதத்தைப் பற்றியோ சித்திரத்தைப் பற்றியோ எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் பற்று வரவு எழுதத் தெரியும். நம் வட்டாரக் கலைஞர்களுக்கும் நமக்கும் உள்ள கணக்கைத்தான் இங்கே எழுத வந்தேன். அந்தக் கணக்கில் நம் பெயரில் பற்று நிறைய நிற்கிறது என்பது என் தாழ்மையான கருத்து.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சங்கத்தில் நான் பொருளாளர். ஆண்டு விழாவுக்கு வெளியூரிலிருந்து ஒரு சினிமா மெல்லிசைக் குழுவை ஏற்பாடு செய்தோம். முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பினால்தான் வண்டி ஏறுவோம் என்றார்கள், அனுப்பினோம். காலை ஊர்வலத்துக்குப் பக்கத்துக் கிராமத்து நாயனக்காரரையும் தவில்காரரையும் அழைத்திருந்தோம். பேசிய தொகை 3,500 ரூபாய். விழா முடிந்ததும் கையிருப்பு இல்லை. "தீபாவளி கழியட்டும்" என்று நானே சொல்லி அனுப்பினேன். அந்தப் பெரியவர் மூன்று முறை என் கடைக்கு நடந்தார். மூன்றாம் முறை பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, கோபமில்லாமல் ஒரு வார்த்தை கேட்டார்: "முதலாளி, மிளகாய் மூடைக்குப் பணம் தீபாவளிக்கு அப்புறம் தாரேன்னா, நீங்க சரக்கு இறக்குவீங்களா?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் மகன் நல்ல தவில்காரன். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ஒரு 3,500 ரூபாயால் அவன் ஊரை விட்டுப் போகவில்லைதான். ஆனால் அவனைப் போகவிட்டவர்களில் நானும் ஒருவன்.

ஊர் பெயரைச் சுமந்தவர்கள்

2023ல் நம் இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாமெல்லாம் எவ்வளவு மகிழ்ந்தோம்! ஊர்ப் பெயரோடு சரக்கு வெளியே போவது எப்பேர்ப்பட்ட பெருமை! ஆனால் மிளகாய்க்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊர்ப் பெயரை வெளியே கொண்டு போனவர்கள் இசைக் கலைஞர்கள். பூச்சி சீனிவாச ஐயங்காரை இராமநாதபுரம் சீனிவாச ஐயங்கார் என்றுதான் உலகம் அறியும். அவருடைய சீடர்தான் அரியக்குடி இராமானுஜ ஐயங்கார். மிருதங்க வித்வான் சி.எஸ். முருகபூபதி நம் ஊர்க்காரர். பாட்டில் கிருஷ்ணன், மிருதங்கத்தில் ராகவன் என்று அந்தச் சகோதரர்கள் பெயருக்கு முன்னால் 'ராம்நாட்' என்று போட்டுக்கொண்டு அமெரிக்கா வரை போய்ச் சொல்லிக் கொடுத்தார்கள்.

இவர்களெல்லாம் தானாக முளைத்தவர்கள் அல்லர். சேதுபதி மன்னர்கள் ஆதரித்த மண் இது. அரண்மனையில் இராமலிங்க விலாசத்துக்குள் போய்ப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துவிஜய ரகுநாத சேதுபதி காலத்தில் எழுதிய சுவர்ச் சித்திரங்கள் இருக்கின்றன. இராமாயணக் காட்சிகளும் உண்டு, தஞ்சை மராட்டியரோடு நடந்த போரும் உண்டு, வெள்ளைக்காரர் வந்து மன்னரைப் பார்த்த காட்சியும் உண்டு. மாநிலத் தொல்லியல் துறை பாதுகாத்து வருகிறது. நம் கடையிலிருந்து நடந்து போகிற தூரம். நம்மில் எத்தனை பேர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறோம்?

மன்னர் செய்தார், நாம் வியாபாரிகள் என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்கிறோமே, அவர் யார்? கீழக்கரையில் கப்பல் வியாபாரம் செய்த வணிகர். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடத் துணை நின்றவர். அவர் காலமான பிறகு பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் புலவரை ஆதரித்தார். ஒருவர் தொடங்கி வைத்ததை இன்னொருவர் விட்டுவிடவில்லை. அதனால்தான் அந்தக் காவியம் நமக்குக் கிடைத்தது.

அரசு செய்வது எவ்வளவு

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்க்கணக்கு. 1955ல் சங்கீத நாடக சங்கமாகத் தொடங்கி, பின்னாளில் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் என்று பெயர் பெற்ற அமைப்பு, கலைமாமணி விருது கொடுக்கிறது. நலிந்த கலைஞர்களுக்கு மாதம் 3,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. இசைக்கருவி, ஆடை அணிகலன் வாங்கவும் உதவி செய்கிறது. கலை பண்பாட்டுத் துறையின் கீழ் மாவட்டந்தோறும் கலை மன்றம் உண்டு. வயதுக்குத் தக்கபடி கலை இளமணி முதல் கலை முதுமணி வரை ஐந்து விருதுகள் கொடுக்கிறார்கள். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென்று 2007ல் நல வாரியம் வந்தது. நம் இராமநாதபுரத்திலேயே அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதசுரம், தவில், தேவாரம், பரதம் எல்லாம் சொல்லித் தருகிறார்கள்.

அரசு இவ்வளவு செய்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பள்ளி, படிப்பைத் தரும். விருது, ஒரு நாள் மரியாதையைத் தரும். உதவித்தொகை, வயதான காலத்துக் கஞ்சியைத் தரும். இடையில் உள்ள முப்பது, நாற்பது ஆண்டுகள் அந்தக் கலைஞன் பிழைக்க வேண்டுமே, அதற்கு வேண்டியது நிகழ்ச்சி. சொந்த ஊரில், உரிய சம்பளத்தோடு, வருஷம் முழுவதும் நிகழ்ச்சி. சரக்கு இருந்து சந்தை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெளிநாட்டு நகரங்களில் இந்தச் சந்தையை உண்டாக்குவதற்கென்றே நகரக் கலை ஆணையங்கள் வைத்திருக்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1932 முதல் இருக்கிறது. சியாட்டில் நகரில் 1973ல் ஒரு சட்டமே போட்டார்கள். நகர நிர்வாகம் செய்கிற குறிப்பிட்ட கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாயைப் பொது இடத்தில் வைக்கும் கலைக்கு ஒதுக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். இதைக் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் இது நமக்குப் புதிதே அல்ல. இதற்கு நம் பாட்டன் காலத்துப் பெயர் மகமை!

மூடைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்து நம் முன்னோர் கோயில் கட்டினார்கள், குளம் வெட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். விருதுநகரில் 1889ல் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை வியாபாரிகளின் மகமையிலும் வீட்டுக்கு வீடு எடுத்த பிடி அரிசியிலும் வளர்ந்தது. பெருந்தலைவர் காமராசர் படித்த பள்ளி அது. அந்த மகமையில் ஒரு பங்கைக் கலைக்கு எடுக்க வேண்டும் என்பதே என் யோசனை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நாள் ஒன்றுக்கு 40 மூடை இறக்கும் மொத்தக் கடை, மூடைக்கு 1 ரூபாய் எடுத்து வைத்தால் 300 நாளைக்கு 12,000 ரூபாய். இப்படி 20 கடை சேர்ந்தால் 2,40,000 ரூபாய். சில்லறை மளிகைக் கடை மாதம் 100 ரூபாய் கொடுத்தால் 100 கடைக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். ஆக மொத்தம் 3,60,000 ரூபாய். எந்தக் கடையும் இதனால் மூடப்போவதில்லை.

மாதம் ஒரு மாலை, 20,000 ரூபாய் செலவில் அரண்மனை வாசலில் ஒரு நிகழ்ச்சி. ஒரு மாதம் நாதசுரக் கச்சேரி, ஒரு மாதம் ஒயிலாட்டம், ஒரு மாதம் வள்ளி திருமண நாடகம், ஒரு மாதம் இசைப்பள்ளிப் பிள்ளைகளின் அரங்கேற்றம். ஆண்டுக்கு 2,40,000 ரூபாய் இதற்குப் போகும். மீதி 1,20,000 ரூபாயைச் சுவர்ச் சித்திரத்துக்கு வைக்கலாம். நம் கடைப் பலகையெல்லாம் ஒரு காலத்தில் கையால் எழுதியவை. பிளெக்ஸ் வந்தது, தூரிகை பிடித்தவர்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போய்விட்டார்கள். அந்த பிளெக்ஸ் பேனர் விழுந்து 2019ல் சென்னையில் ஓர் இளம்பெண் உயிரே போனது. சென்னை கண்ணகி நகரில் ஒரு கலை அமைப்பும் பெயிண்ட் கம்பெனி ஒன்றும் சேர்ந்து குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் எழுதச் செய்தார்கள். நம் கடைவீதிச் சுவரில் பாம்பன் பாலத்தையும், முத்துக் குளித்த கதையையும், முண்டு மிளகாய்க் களத்தையும் நம் ஊர் ஓவியரைக் கொண்டு எழுதச் சொன்னால் என்ன?

ஆனால் பணம் மட்டும் போதாது, ஒழுங்கும் வேண்டும். நான் வைக்கும் நிபந்தனைகள் நான்குதான்.

ஒன்று, கலைக்கென்று தனி வங்கிக் கணக்கு. மாதாமாதம் வரவு செலவைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.

இரண்டு, யாரை அழைப்பது என்பதை நாம் மட்டும் முடிவு செய்யக்கூடாது. இசைப்பள்ளி ஆசிரியர் ஒருவர், நாட்டுப்புறக் கலைஞர் ஒருவர், நம் குடும்பப் பெண்களில் ஒருவர் குழுவில் இருக்க வேண்டும். குழுவில் இருப்பவரின் உறவினருக்கு நிகழ்ச்சி கிடையாது.

மூன்று, மேடை விட்டு இறங்குமுன் சம்பளம் கையில் இருக்க வேண்டும். இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

நான்கு, பறை அடிப்பவரும் மேளக்காரரும் பாட்டுக்காரரும் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும். பறைக்கு ஒரு மரியாதை, பாட்டுக்கு ஒரு மரியாதை என்றால் அந்த மகமைக்கு நான் ஒரு பைசா கொடுக்க மாட்டேன்.

இதோடு செலவில்லாத உதவி ஒன்றும் இருக்கிறது. நல வாரியத்தில் சேரவும், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் படிவம் நிரப்பத் தெரியாமல் எத்தனையோ கலைஞர்கள் விட்டுவிடுகிறார்கள். நம் கடைக் கணக்குப்பிள்ளை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கலாமே!

கேட்பார்கள், பதில் சொல்வோம்

இதைப் பேசியபோது மளிகைக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணாச்சி, ஆன்லைன்காரன் ஒரு பக்கம், சூப்பர் மார்க்கெட்காரன் ஒரு பக்கம் நம்மை நெருக்குறான். இதுல மேளம் எதுக்கு?"

நியாயமான கேள்விதான். நான் சொன்னேன்: "தம்பி, விலையில் அவனோடு நீ போட்டி போட முடியாது. ஆனால் அவன் இந்த ஊர்க்காரன் இல்லை. நீ இந்த ஊர்க்காரன். அதுதான் உன் முதல். ஊர் சனம் மாலையில் கடைவீதிக்கு வர ஒரு காரணம் இருந்தால், உன் கடை வாசலைத் தாண்டித்தானே போக வேண்டும்?"

ராமேஸ்வரம் வியாபாரிகளுக்கும் இதுவே. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்து ரயில் மறுபடியும் தீவுக்குள் வந்துவிட்டது. யாத்திரிகர்கள் 22 தீர்த்தமும் ஆடி, சாமி கும்பிட்டு, தனுஷ்கோடியையும் கலாம் நினைவிடத்தையும் பார்த்துவிட்டு அன்று மாலையே மூட்டை கட்டுகிறவர்கள் பலர். மாலையில் ரத வீதிப் பக்கம் ஒரு நல்ல நாதசுரக் கச்சேரி நடந்தால், அதைக் கேட்க ஒரு சிலராவது ஓர் இரவு தங்க மாட்டார்களா? நிச்சயம் லாபம் வரும் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன். எந்தச் சரக்கிலும் அப்படி எழுதிக் கொடுத்ததில்லை. ஆனால் நல்ல சரக்கு என்று தெரிந்தால் துணிந்து வாங்கிப் போடுவதுதானே வியாபாரம்?

லாபம் வராவிட்டாலும் கடன் கடன்தான். நம் வீட்டுக் கல்யாணத்தில் கெட்டி மேளம் கொட்டியவர்கள், நம் மண்டகப்படியில் விடிய விடிய ஆடியவர்கள், நம் வீட்டுத் துக்கத்தில் முன்னால் நடந்தவர்கள் எல்லாம் இவர்கள். இவர்கள் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஊரை விட்டுப் போனபின் பணம் இருந்தாலும் மேளம் இருக்காது.

வருகிற பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். என் கடையைப் பொறுத்தவரை தீர்மானத்துக்குக் காத்திருக்கவில்லை. வரும் தை முதல் தேதி தொடங்கி மூடைக்கு 1 ரூபாய் தனி உண்டியலில் விழும். முதல் நிகழ்ச்சிக்கு அந்த நாயனக்காரப் பெரியவரை நானே நேரில் போய் அழைப்பேன். வயதாகிவிட்டது, ஊத முடியாது என்றால் முன்வரிசையில் உட்காரட்டும். தவிலுக்கு அவர் மகனைத் திருப்பூரிலிருந்து வரச் சொல்லிப் போக்குவரத்துச் செலவோடு சம்பளத்தையும் முன்கூட்டியே அனுப்புவேன்.

ஒருவர் தொடங்கினால் இன்னொருவர் முடித்து வைப்பார் என்பதைச் சீதக்காதி காலத்திலேயே இந்தக் கரை பார்த்திருக்கிறது. உறுப்பினர்கள் சிந்தித்து ஆதரவு தர வேண்டுகிறேன்.