இன்னும் கொஞ்சம் வேகட்டும்!



லீவு விட்டால் அம்மிச்சி ஊருக்கு ஓடிவிடுவீர்கள்தானே? கோபி பக்கம் வயல், ஈரோட்டுப் பக்கம் வாய்க்கால், பொள்ளாச்சிப் பக்கம் ஆறு... தண்ணீரைக் கண்டால் சும்மா இருக்க முடியுமா? வளைக்குள் கைவிட்டு நண்டு பிடிப்பதும், சுள்ளி பொறுக்கி அதைச் சுட்டுத் தின்பதும் தனி ஜாலிதான்!

அப்போது ஒரு வேடிக்கை நடக்கும். ஓடு லேசாகச் சிவந்ததுமே, 'வெந்துருச்சுடா' என்று ஒருவன் எடுத்துக் கடிப்பான். உள்ளே சதை வழவழவென்று இருக்கும். 'இன்னும் வேகலையே' என்று யாராவது தயங்கினால், 'பயந்தாங்கொள்ளி' என்று கிண்டல் வேறு.

நான் அந்தப் பயந்தாங்கொள்ளியின் கட்சி. ஏன் தெரியுமா?

ஆறு, ஓடைகளில் வாழும் சில நண்டுகளின் சதைக்குள், நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணியின் குட்டிப் புழுக்கள் ஒளிந்திருக்கும். வேகாத நண்டோடு இவை நம் வயிற்றுக்குள் போனால், குடலைத் துளைத்து வெளியேறி, மெல்ல மெல்ல நுரையீரலுக்குப் போய்க் குடியேறிவிடும். பிறகென்ன... மாதக்கணக்கில் இருமல், சளியில் ரத்தம்! பார்ப்பதற்குக் காசநோய் போலவே இருக்கும்.

நம் நாட்டில் மணிப்பூர் மாநிலத்தில் இதுதான் நடந்தது. இருமலோடு வந்த பலருக்குக் காசநோய் என்று நினைத்து மருந்து கொடுத்தனர், குணமாகவில்லை. சளியைச் சோதித்தபோது புழுவின் முட்டைகள் தெரிந்தன. விசாரித்தால், அவர்கள் சரியாக வேகாத நண்டைத் தின்றவர்கள்! புழுவுக்கான மாத்திரை கொடுத்த பிறகே நோய் தீர்ந்தது.

'மணிப்பூர் எங்கோ இருக்கிறதே' என்கிறீர்களா? நமக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள வயநாட்டு நண்டுகளிலும் இந்த இனப் புழுவை ஆய்வாளர்கள் பார்த்திருக்கின்றனர்.

மீனிலும் இப்படி ஒன்று உண்டு. அதன் பெயர் மீன் நாடாப்புழு. மனிதக் குடலில் 10 மீட்டர் வரைகூட வளரும். இந்தியாவில் ஒருவருக்கு இந்தப் புழு இருந்ததை, 1998ல் முதன்முதலாக அறிவித்தது எந்த ஊர் மருத்துவர்கள் தெரியுமா? நம் வேலூர் மருத்துவர்கள்தான்!

எலுமிச்சை பிழிந்தாலோ, உப்பும் மிளகாய்த்தூளும் அள்ளிப் பூசினாலோ புழு சாகும் என்று நம்பாதீர்கள். நன்றாக வேக வைத்தால்தான் சாகும். நண்டின் சதை உள்ளே வரை வெள்ளையாக மாற வேண்டும். மீன் சதை முள்ளை விட்டுத் தானாகப் பிரிய வேண்டும்.

சளி பிடித்தால் அம்மிச்சி வைக்கும் நண்டுச்சாறு இருக்கிறதே, அதுதான் சரியான முறை. மிளகு, சீரகம் தட்டிப் போட்டு, தளதளவென்று கொதிக்க விடுவார்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்... பச்சை நண்டைத் தட்டிய அம்மியைக் கழுவாமல், அதிலேயே சட்னி அரைத்தால் புழு சட்னிக்கு வந்துவிடலாம். அம்மியை நன்றாகத் தேய்த்துக் கழுவித் தரும் வேலையை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்களேன். பச்சை நண்டைத் தொட்ட கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

இதற்காக மீனையும் நண்டையும் ஒதுக்க வேண்டாம் செல்லங்களே! இரண்டும் உடம்புக்கு நல்ல சத்து தருபவை. அடுத்த முறை வாய்க்கால் கரையில் யாராவது அவசரப்பட்டால், 'இன்னும் கொஞ்சம் வேகட்டும்டா' என்று சொல்லுங்கள். கிண்டல் செய்தால் செய்யட்டும். பத்துப் பேர் கடிக்கும்போது ஒருவன் 'பொறு' என்று சொல்வதற்குத்தான் நிஜமான தைரியம் வேண்டும்.

ஒருவேளை ஏற்கெனவே அரைவேக்காடாகத் தின்றிருந்து, இருமல் விடவே இல்லை என்றால், திட்டு விழுமே என்று மறைக்காதீர்கள். 'நண்டு சுட்டுத் தின்றேன்' என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை, அவருக்குப் பாதி நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும்.

என்ன குட்டீஸ், சொல்வீர்கள்தானே?