தூண்டிற்காரன் கண்

நீலகிரியின் சிற்றோடைகளில் டிரௌட் மீன் பிடிக்கும் கலையைச் சிலர் வீண் பொழுதுபோக்கென்று இகழ்வர். நாம் அங்ஙனம் கருதோம். இறகையும் நூலையும் முள்ளிற் கட்டிச் செய்த பொய்ப்பூச்சியே அங்கு இரை. எப்பூச்சி எப்பருவத்தில் நீரினின்று எழும் என்று அறியாதவனை மீன் ஏமாற்றிவிடும். ஆகவே, மீனைப் பிடிக்குமுன் அவன் ஓடையைக் கற்கின்றான். இதுவே அக்கலையின் பெருமை.

ஆயின், அம்மீன் நம் நாட்டினதன்று. குளிர்ந்து தெளிந்தோடும் நீரிலன்றி வாழாது. 1863இல் பிரான்சிஸ் டே என்பார் அதனை நீலகிரியிற் குடியேற்ற முயன்று தோற்றார். 1907இல் வில்சன் என்பார் அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைத்தார். வட அமெரிக்காவின் வானவில் டிரௌட் பின்னர் அம்மலையில் நிலைத்தது. வந்தேறிய மீன் ஓடைக்குரிய சிற்றுயிர்களை உண்ணும் என்பதும் எண்ணத்தக்கது.

அயல்மீன் ஒன்றற்கு இத்துணை உழைப்பு! சமவெளியில் வாழும் நாமோ, கடலூர்க் கெடிலத்தைப் பாலத்தின்மீது நின்று நோக்கிக் கடந்து செல்கின்றோம். அதில் வாழும் மீன்களுள் ஐந்தின் பெயர் கூற நம்மில் எத்துணைப் பேர் வல்லர்? சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்துக் கழியிற் படகேறி மகிழ்கின்றோம். அங்குள்ள மடவை எதனை உண்ணும் என வினவினோமில்லை. டிரௌட்டிற் தோற்ற அந்த டே அவர்களே, இந்திய மீன்களைக் கற்று 1875 முதல் 1878 வரை பெருநூல் வெளியிட்டார் என்பதை மறவாதிருப்போம்.

நமக்குத் தூண்டில் வேண்டா. தூண்டிற்காரன் கண் வேண்டும். வரும் விடுமுறையில் ஒருநாளேனும் கெடிலக்கரையில் வாளா அமர்ந்து நீரை நோக்குவோமாக.