மகப்பேற்றை நாடுவோரும் மாத்திரைகளும்

நூல், நெல், கடன், வட்டி என்பவற்றைக் குறித்தே எழுதிவரும் நாம், இம்மாதம் அங்கத்தினர்களின் குடும்ப நலனைச் சார்ந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம். தறி ஓடுவதும் கடன் அடைபடுவதும் இல்லத்தாரின் உடல் நலத்தைப் பொறுத்தவையாதலால், இது சங்கத்திற்குப் புறம்பானதன்று.

கடன் மனு ஒன்றை விசாரிக்கும் பொருட்டு மாமல்லபுரத்தை அடுத்த கடலோரக் கிராமம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். மனுதாரர் மணமாகி நான்கு ஆண்டுகளாகியும் குழந்தைப் பேறு வாய்க்காதவர். அவருடைய மனைவியாருக்கு இளமை முதல் வலிப்பு நோய் உண்டு. அதற்கென டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரைகளை உண்டுவந்தார். 'கரு தங்குவதற்கு நல்லது' என்று யாரோ கூறக் கேட்டு, மருந்துக் கடையில் மூன்று வித வைட்டமின் மாத்திரைகளையும் வாங்கி உண்ணத் தொடங்கினார். பின்னர், வலிப்பு மாத்திரை பிள்ளையைக் கெடுத்துவிடும் என்று அண்டை வீட்டார் அச்சுறுத்தவே, அதனை ஒரே நாளில் நிறுத்திவிட்டார். சில தினங்களில் அடுப்பங்கரையில் வலிப்புக் கண்டு விழுந்தார். கையில் தீக்காயத்தோடு உயிர் தப்பியது தெய்வாதீனம். அவர் உண்ட மாத்திரைகள் அனைத்தையும் ஒருசேரப் பார்த்த டாக்டர் அதுவரை ஒருவரும் இலர். இதுவே நமது கவலை.

வைட்டமின் வேண்டாம் என்பது நமது கருத்தன்று. ஃபோலிக் அமிலம் என்னும் வைட்டமினின் வரலாறே நம் நாட்டுத் தொழிலாளர் குடும்பங்களோடு பிணைந்தது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மாதரசி 1928-இல் இந்தியாவுக்கு வந்து, பம்பாயில் நெசவாலைத் தொழிலாளப் பெண்களைக் கர்ப்ப காலத்தில் பீடித்த கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். குன்னூரிலும், 1931-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப்படும் ஆஸ்பத்திரியிலும் அவர் பணிபுரிந்தார். ஈஸ்டுச் சத்தினால் அந்நோய் குணமாவதை அவர் கண்டறிந்தார். அச்சத்தில் அடங்கியிருந்த பொருளே, பின்னர் 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது.

அதனை 1945-இல் அமெரிக்காவிலுள்ள லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தில் செயற்கையாக உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ். கதர் அங்கி அணிந்து அறுவைச் சிகிச்சைக் கூடத்துள் சென்றமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்திற்கு ஆளாகி, முழுப் பட்டத்தை இழந்தவர் அவர். கைத்தறியாளராகிய நாம் நினைவில் கொள்ளத்தக்க பெரியார் அன்றோ!

இந்த அமிலம் கருவுறுமுன்பே உடலில் இருத்தல் வேண்டும். கருவின் மூளைக்கும் தண்டுவடத்திற்கும் அடிப்படையான குழல், கரு உண்டாகி ஏறத்தாழ 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அப்பொழுது பல பெண்கள் தாம் கர்ப்பமுற்றதையே அறியார். நட்ட பயிருக்கு அடியுரம் இடவும், தறியில் ஏறிய பாவுக்குக் கஞ்சி தோய்க்கவும் இயலுமோ? ஆகவே, குழந்தையை நாடும் நாள் முதல் கருவுற்றுப் பன்னிரண்டு வாரம் வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் உண்ணுமாறு உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முன்னர் இக்குறையுள்ள குழந்தையைப் பெற்ற தாய்மார் 4 மில்லிகிராம் உண்டபோது, அக்குறை மீண்டும் நேர்வது 72 சதவிகிதம் குறைந்ததென 1991-இல் வெளியான ஆய்வு காட்டியது.

எனினும், எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தாது. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 5 மில்லிகிராம் மாத்திரை. அது 400 மைக்ரோகிராமுக்குப் பன்னிரண்டரை மடங்கு. வலிப்பு நோயினர் சிலருக்கு அதிக அளவே தேவைப்படலாம். ஆனால் அதே அதிக அளவு, ஃபெனிடாயின் என்னும் வலிப்பு மருந்தின் வலிவைக் குறைத்துவிடவும் கூடும். வால்புரோயேட் என்னும் மற்றொரு வலிப்பு மருந்து கருவுக்குத் தீங்கு விளைவிப்பது. கருவுறுமுன்பே வேறு மருந்துக்கு மாற வழியுண்டா என்று டாக்டரைக் கேட்டறிய வேண்டும். தாமாகத் திடீரென நிறுத்துவதோ உயிருக்கே ஆபத்து.

மூட்டு வாதத்திற்கும் தோல் நோய்க்கும் தரப்படும் மெத்தோட்ரெக்சேட், ஃபோலிக் அமிலத்தின் வேலையையே தடுப்பது. இவ்வகை மருந்துகளும் சுப்பாராவின் ஆராய்ச்சிக்கூடத்தில் தோன்றியவையே. இதனுடன் ஃபோலிக் மாத்திரை உண்டால் கருவுக்குக் காப்பு என்று எண்ணுவது பெருந்தவறு. டாக்டரின் யோசனைப்படி மருந்தை முன்னரே நிறுத்தி, அவர் குறிக்கும் காலம் கழிந்த பின்னரே கருவுற வேண்டும்.

தைராய்டு மாத்திரை உண்பவர், இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். இன்றேல் தைராய்டு மருந்து உடலில் சரிவரச் சேராது. நீரிழிவுக்குரிய மெட்ஃபார்மினை நெடுங்காலம் உண்பவருக்கு பி12 குறையலாம். மிகுதியான ஃபோலிக் அமிலம் அக்குறையை வெளித்தெரியாமல் மறைத்துவிடும். 'சத்து'தானே என்று ரெட்டினால் வகை வைட்டமின் ஏ-யை அளவு மீறி உண்பதும் கருவுக்குக் கேடு.

எனவே, அங்கத்தினர்களுக்கு நாம் கூறுவது ஒன்றே. இரண்டு பேரேடுகளில் எழுதப்பட்ட கணக்கு ஒருநாளும் நேர்படாது. டாக்டர் எழுதியவை, கடையில் வாங்கியவை, நாட்டு மருந்து, லேகியம் யாவற்றையும் ஒரு பையில் இட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ டாக்டர் ஒருவரிடம் காட்டுங்கள். 'குழந்தையை எதிர்பார்க்கிறோம்' என்பதையும் நாணாமல் கூறுங்கள். கணவரும் உடன் செல்லட்டும். ஆண்கள் உண்ணும் சில மருந்துகளும் குழந்தைப் பேற்றைத் தடுப்பவை. பிள்ளையில்லாக் குறையைப் பெண் மீது மட்டும் சுமத்தும் வழக்கம் இனியேனும் ஒழிய வேண்டும்.

அந்த அம்மையார் இன்று டாக்டரின் யோசனைப்படி மாற்று மருந்தும் ஃபோலிக் அமிலமும் உண்டுவருகிறார். தீக்காயத்தின் வடுவோ ஆறவில்லை. ஒருமுறை கேட்டிருந்தால் அந்த வடுவே நேர்ந்திராது. ஏனையோர் முன்னரே கேட்டறிவார்களாக.