இயேசுவின் சகோதரர்

மாற்கு சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரம் யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்னும் நால்வரை இயேசுவின் சகோதரர் என்கின்றது. இவர்கள் மரியாள் பெற்ற மக்களோ? ஆம் என்றார் எல்விதியுஸ். அவரை 383ஆம் ஆண்டளவில் மறுத்தெழுதிய எரோனிமுஸ், மரியாளின் சகோதரி மக்களே இவர்கள் என்றார். யோசேப்பின் முன்னைய மனைவியின் மக்கள் என்பது கீழைத் திருச்சபையாரின் கொள்கை.

எரோனிமுஸின் கூற்று நமக்கு வியப்பன்று. நம் வீடுகளில் சின்னம்மா மகன் தம்பிதானே! மாமன் மகனே மச்சான். எபிரேயரிடத்தும் சகோதரன் என்னுஞ் சொல் விரிந்ததே. சகோதரன் மகனாகிய லோத்திடம், நாம் சகோதரர் என்கின்றார் ஆபிரகாம்.

ஆனால் மாற்கு எழுதியது கிரேக்கத்தில். அம்மொழியில் ஒன்றுவிட்ட சகோதரனுக்கு 'அனெப்சியோஸ்' என்னும் தனிச்சொல் உண்டு. கொலோசெயர் நிருபம் பர்னபாவுக்கு மாற்கு என்பவர் என்ன உறவு என்பதை அச்சொல்லாலேயே கூறுகின்றது. நால்வரைக் குறித்த சொல்லோ 'அடெல்போஸ்', அஃதாவது உடன்பிறந்தான். ஆகவே நம் வீட்டு வழக்கொன்றையே சான்றாக்கித் தீர்ப்பளிக்க எமக்குத் துணிவில்லை. எல்விதியுஸ் பக்கம் சாயவும் தயங்குகின்றோம்; லோத்தின் வரலாற்றைக் கிரேக்கத்திற் பெயர்த்த யூத அறிஞர், தனிச்சொல் இருந்தும், அங்கே 'அடெல்போஸ்' என்றே எழுதிவைத்தனர்.