காணாத நோயும் கண்ட கருவியும்

கண்ணாற் கண்டதையே மெய்யென்று கொள்வது மக்கட்கு இயல்பு. காலொடிந்தவனைக் கண்டால் இரங்குகிறோம். காய்ச்சலுற்றவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துத் தேற்றுகிறோம். ஆயின், புறத்தே யாதொரு குறியுமின்றி, ‘என் கால் எனக்குரியதன்று போலிருக்கிறது’ என்று ஒருவர் சொல்வாராயின், அச்சொல்லை நம் செவி ஏற்கின்றதேயன்றி மனம் ஏற்பதில்லை. அத்தகைய நோயொன்றைப் பற்றியும், அதனைக் காண விஞ்ஞானிகள் கண்ட வழிகளைப் பற்றியும் ஈண்டு எழுதத் துணிந்தேன். தமிழ் பயிலும் மாணவனுக்கு மூளைப் படத்தோடு என்ன உறவு என்று நண்பர் சிலர் வினவக்கூடும். அதற்கு விடை இவ்வியாசத்திலேயே உளது.

என் பெரியம்மாளின் மகள் திருவரங்கத்தில் ஓர் ஆரம்பப் பாடசாலையில் ஆசிரியை. நான்கு ஆண்டுகளுக்கு முன், அவருக்கு இருபத்தாறு வயது நடக்கையில், ஒரு கண் நோவோடு மங்கிற்று. சிவப்பு நிறம் வெளுத்துத் தோன்றிற்று. இரண்டு மாதத்திற்குள் பார்வை பெரும்பாலும் மீண்டமையால் எல்லோரும் அதனை மறந்தோம். அடுத்த கோடையில் அவர் கால்கள் மரக்கத் தொடங்கின. காலையில் நன்றாக நடப்பவர் நண்பகலில் சுவரைப் பற்றுவார். மாலையில் குளிர்ந்த நீரில் குளித்தெழுந்தால் மீண்டும் நடப்பார். ‘வெயிலுக்கு மட்டும் வருகிற வியாதி’ என்று அண்டை அயலார் நகைத்தனர்.

ஒரு நாள் காவிரிப் பாலத்தின் நடுவில் அவர் என் தோளைப் பற்றிக்கொண்டு, “தம்பி, இனி ஓரடியும் வைக்க முடியாது, ஒரு வண்டியைக் கூப்பிடு” என்றார். நான், “காலையில் ஓடியாடின கால்தானே, அக்கா?” என்றேன். அவர் மறுமொழி ஒன்றும் சொல்லவில்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பற்றியவண்ணம் மெல்ல மெல்ல நடந்தே கரை சேர்ந்தார். எட்டு மாதங் கழித்து எடுத்த மூளைப் படத்தில் வெண்புள்ளிகள் பல தோன்றின. அன்றுதான் அவரை நம்பினேன். ஒரு மனிதரின் சொல்லை நம்பாது படத்தை நம்பிய அக்குற்றமே இவ்வியாசத்தை எழுதத் தூண்டியது.

நிற்க. அந்நோய் யாது? மேனாட்டார் இதனை மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்பர். பாரிஸ் நகரத்து வைத்தியப் பேராசிரியர் ஷார்க்கோ என்பார் 1868-ஆம் ஆண்டில் இதனைத் தனி நோயாகப் பிரித்து விளக்கினார். நம் நரம்பிழைகளைச் சூழ்ந்து மயலின் என்னும் கொழுப்புறை ஒன்று உளது. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே நெறி பிறழ்ந்து அவ்வுறையைத் தாக்குகின்றது. நமது உய்யக்கொண்டான் வாய்க்காலை நினைத்துக்கொள்க. தலைமடையில் நீர் நிறைந்திருப்பினும் இடையில் பல இடங்களிற் கரை சரிந்துவிட்டால் கடைமடைக்கு நீர் காலத்தில் சென்றடையாது. அதுபோல, மூளை இட்ட ஏவல் காலுக்குத் தாமதமாகச் செல்கின்றது. சில வேளை செல்வதேயில்லை. கரை சிறிது கட்டப்பட்டால் நோய் தணிந்தது போலிருக்கும். வேறோரிடத்திற் கரை சரிந்தால் வேறோர் உறுப்புத் தளரும். கண், கால், கை, சிறுநீர்ப்பை, நினைவு என்று இடம் மாறித் தோன்றுவதனாலேயே இது நடிப்பென்று பழிக்கப்படுகின்றது.

வெயிலுக்கும் காரணம் உண்டு. உறையிழந்த நரம்பு, உடல் வெப்பம் சிறிது ஏறினும் செய்தியைக் கடத்தும் ஆற்றலிற் குன்றும். உடலுழைப்பிற்குப் பின் இந்நோயாளர் பார்வை மங்குவதை ஊட்ஹாஃப் என்னும் ஜெர்மானியக் கண் வைத்தியர் 1890-இல் குறித்தார். அதற்குக் காரணம் வெப்பமே எனப் பின்வந்தோர் அறிந்தனர். படக்கருவிகள் இல்லாத நாளில், நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் அமர்த்தி இந்நோயைச் சோதித்ததும் உண்டு. அக்கினி நட்சத்திர காலத்துத் திருச்சிராப்பள்ளி முழுவதுமே அத்தகைய வெந்நீர்த் தொட்டியன்றோ?

இனி, அகத்தைக் காட்டும் கருவியைப் பற்றிச் சில சொல்வேன். எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்தப் படமுறையில் எக்ஸ் கதிர் இல்லை. நம் உடலின் பெரும்பகுதி நீர். நீரில் ஹைட்ரஜன் உளது. வலிய காந்தத்தினுள் உடலை வைத்து வானொலி அலையைச் செலுத்தினால் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் அதனை ஏற்று மீண்டும் குறிகளை வெளியிடுகின்றன. அக்குறிகளைக் கணக்கிட்டுப் படமாக்குவர். 1981-இல் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையினர் இம்முறையால் இந்நோயின் தழும்புகளைக் காட்டினர். அதற்கு முன்னிருந்த எக்ஸ் கதிர்ப் படங்களில் தோன்றாத பல தழும்புகள் இதில் தோன்றின. கடோலினியம் என்னும் பொருள் கலந்த மருந்தை இரத்தத்திற் செலுத்திப் படமெடுத்தால் புதிய புண் ஒளிரும். பழைய தழும்பு ஒளிராது. இவ்வாறு ஒரே படத்திற் பல இடத்துப் புண்களையும் பல காலத்துப் புண்களையும் பகுத்தறியலாம். 2001-இல் வகுக்கப்பெற்ற மக்டொனால்டு விதிகள் இப்படச் சான்றை ஏற்றுக்கொண்டமையால், இரண்டாம் முறை நோய் தாக்கும்வரை காத்திராமல் முன்னரே துணியும் நிலை உண்டாயிற்று.

இக்கருவியின் வரலாற்றில் நம் ஊரார் பெருமை கொள்ளத்தக்க ஒரு கிளைக்கதையும் உண்டு. திருவரங்கத்திற்கு அடுத்த திருவானைக்காவில் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் பிறந்தவர் சர். சி. வி. ராமன். கல்கத்தாவில் அவர் 1928-இல் கண்ட ஒளிச்சிதறலுக்கு 1930-இல் நோபெல் பரிசு கிடைத்ததை யாவரும் அறிவர். அவ்விளைவு மயலின் ஆராய்ச்சிக்குத் துணை நிற்பதை அறிந்தோர் சிலரே. இரு நிற லேசர் ஒளிகளைக் கொழுப்பு மூலக்கூறுகளின் அதிர்வுக்கு ஏற்ப இசைத்துப் பாய்ச்சினால், சாயம் ஒன்றும் ஏற்றாமலே மயலின் உறை தானே ஒளிர்கின்றது. இவ்வகை ராமன் நுண்ணோக்கி 1999-இல் புத்துருப் பெற்றது. 2005-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் அதனைக் கொண்டு விலங்கின் தண்டுவடத் திசுவில் மயலினைப் படம் பிடித்தனர். இவ்வொளி மண்டையோட்டைக் கடந்து ஆழச் செல்லாது; ஆதலின் இஃது ஆய்வுக்கூடத்துக் கருவியேயன்றி நோயாளியைச் சோதிக்கும் கருவியன்று. எனினும் உறை எவ்வாறு சிதைகின்றது, எவ்வாறு மீள்கின்றது என்று அறிய இது பெரிதும் உதவுகின்றது.

ஆயினும் கருவியே முடிந்த முடிபன்று. படத்திற் புள்ளி பலவாயும் துன்பம் சிறிதாயும் இருப்பவர் உளர். புள்ளி சிலவாயும் துன்பம் பெரிதாயும் இருப்பவரும் உளர். முதுமையாலும் இரத்தக் கொதிப்பாலும்கூட வெண்புள்ளிகள் தோன்றும். நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்னும் வேறொரு நோய் இதனைப் போலவே கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும். 2004-இல் அறியப்பெற்ற ஓர் இரத்தச் சோதனை அதனைப் பிரித்துக் காட்டுகின்றது. இரண்டையும் பிரித்தறியாது மருந்தளித்தல் தீங்காய் முடியும். எனவே, நோயாளியின் வரலாற்றைப் பொறுமையோடு கேட்டறியும் வைத்தியரின் செவிக்கு ஈடாக எக்காந்தமும் இல்லை.

சிகிச்சையின் நிலையோ முன்போல் இருண்டதன்று. நோயின் போக்கையே தணிக்கும் முதல் மருந்தாகிய இன்டர்ஃபெரான் பீட்டா 1993-இல் அமெரிக்காவில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதன்பின் மருந்துகள் பல வந்தன. ஆனால் அவற்றுட் பலவற்றின் விலை எளியோர் கைக்கு எட்டாதது. ரிடுக்ஸிமாப் என்பது புற்றுநோய்க்கென வந்த மருந்து. அதற்கு ஒப்பானதொன்றை ஹைதராபாத்து நிறுவனம் ஒன்று 2007-இலேயே செய்து வெளியிட்டது. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் இந்நோய்க்கென மூன்று மருந்துகளைச் சேர்த்தது. அவற்றுள் ரிடுக்ஸிமாப்பும் ஒன்று. இம்மருந்துகள் சரிந்த கரையைக் கட்டுவன அல்ல. மேலும் சரியாமற் காப்பனவே. ஆதலால் காலந் தாழ்த்தாமல் தொடங்குதல் வேண்டும்.

கரையைக் கட்டும் வழியும் தேடப்படுகின்றது. ஒவ்வாமைக்கு வழங்கும் க்ளெமாஸ்டீன் என்னும் பழைய மருந்தை உட்கொண்டோர்க்குக் கண் நரம்பின் வழியே செய்தி செல்லும் வேகம் சிறிது கூடியதென 2017-இல் வெளியான ஒரு சோதனை காட்டிற்று. அஃது இன்னும் சிகிச்சையாக நிலைபெறவில்லை. நோயின் தோற்றுவாய் பற்றியும் ஒளி பிறந்துள்ளது. அமெரிக்கப் படையினர் ஒரு கோடிக்கு மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், எப்ஸ்டைன்-பார் என்னும் வைரஸ் தொற்றிய பின் இந்நோய் வரும் வாய்ப்பு 32 மடங்காகப் பெருகுவது தெரிந்தது. அவ்வைரஸ் உலகில் மிகப் பெரும்பாலோரிடம் இருத்தலால், அது மட்டுமே காரணமாகாது என்பதும் தெளிவு.

‘இது குளிர்நாட்டார் நோய், நம் நாட்டில் அரிது, காசநோயும் நீரிழிவும் மலிந்த நாட்டில் இதற்கேன் இத்துணைக் கவலை?’ என்று கேட்போர் உளர். இக்கேள்வியில் ஒரு பகுதி நியாயம் உண்டு. இந்நோய் குளிர்நாடுகளிலேயே மிகுதி. ஆனால் காந்தப் படக்கருவி பரவிய பின்னர் நம் நாட்டிலும் இந்நோயாளர் முன்னினும் மிகுதியாக அறியப்படுகின்றனர். காணப்படாமை வேறு, இல்லாமை வேறு. அன்றியும், இருபது முதல் நாற்பது வயதுக்குள், ஒரு குடும்பம் ஒருவரை நம்பி நிற்கும் பருவத்திலேயே பெரும்பாலும் இது தொடங்குகின்றது. ஆடவரினும் பெண்டிரையே மிகுதியாகப் பற்றுகின்றது. தளர்ந்தேன் என்று ஒரு பெண் சொன்னால் அதனைச் சோம்பல் என்று கொள்ளும் நாட்டில் அவர் நிலை யாதாகும் என்று கூறவேண்டுவதில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. சட்டம் நம்பியவரை வீடும் தெருவும் நம்பாதிருத்தல் முறையோ?

இவ்விடத்திலேதான் தமிழ் மாணவரின் கடமை தோன்றுகின்றது. தமிழில் இதனைத் ‘தண்டுவட மரப்பு நோய்’ என்று வழங்குவோர் உளர். இப்பெயர் தண்டுவடத்தை மட்டும் சுட்டுகின்றது. மூளையையும் கண் நரம்பையும் சுட்டவில்லை. கண் மங்கியவர் இப்பெயரில் தம் நோயைக் காணமாட்டார். பல இடத்துத் தழும்பு என்பதே மேனாட்டுப் பெயரின் உட்பொருளாதலின், ‘பல்தழும்பு நோய்’ என்றால் பொருந்தும் என்பது என் கருத்து. இதனினும் நல்ல பெயரை அறிஞர் தருவாராயின் மகிழ்வேன். பெயரில்லாத துன்பத்தை உலகம் நம்புவதில்லை. ஒரு கண் நோவோடு திடீரென்று மங்கினாலும், மரப்பும் தளர்ச்சியும் நாட்கணக்கில் நீடித்து வந்து வந்து போனாலும், நரம்பு வைத்தியரை நாடுக என்பதை எளிய தமிழில் எழுதி, பாடசாலைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வைக்க நம் கல்லூரித் தமிழ்ச் சங்கம் முன்வரலாகாதா? செலவு சிறிது, பயன் பெரிது.

அக்காள் இப்பொழுதும் பாடசாலை செல்கிறார். ஆறு மாதத்திற்கொருமுறை மருந்தேற்றிக்கொள்கிறார். தலைமை ஆசிரியை அவருக்குக் கீழ்த்தளத்தில், வேப்பமர நிழல் விழும் வகுப்பறையைக் கொடுத்துள்ளார். அவ்வம்மையார் மூளைப் படத்தைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டுமென்று கேட்டதுமில்லை. அக்காள் சொன்னதைக் கேட்டார், அறையை மாற்றினார். அன்று பாலத்தின் நடுவில் நான் செய்திருக்கவேண்டியதும் அவ்வளவே.