எம்.சி.பி. இருக்கே, அப்புறம் என்ன பயம்?

கிரைண்டரைத் தொட்டால் லேசாக ‘சுர்’ரென்கிறது. ‘செருப்பு போட்டுக்கிட்டுத் தொடு’ என்பார் வீட்டில் ஒருவர். ‘எம்.சி.பி. இருக்குல்ல, ஏதாவதுன்னா விழுந்துடும்’ என்பார் இன்னொருவர். முதல் யோசனை அரைகுறை. இரண்டாவது ஆபத்து.

கரண்ட் ஒரு சுற்று சுற்றி வந்தாக வேண்டும். ஃபேஸ் வயரில் வீட்டுக்குள் வந்து, நியூட்ரல் வயரில் டிரான்ஸ்ஃபார்மருக்கே திரும்பும். கம்பியில் உட்காரும் காக்காவுக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணம், அதன் உடம்பு வழியாகத் திரும்பிப் போகப் பாதை இல்லை. நமக்கோ அந்தப் பாதை காலடியிலேயே இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரில் நியூட்ரலை மண்ணோடு இணைத்திருப்பார்கள் என்பதால், தரை வழியாகவும் கரண்ட் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். செருப்பு அந்தப் பாதையை ஓரளவு அடைக்கும். இன்னொரு கை இரும்புக் குழாயில் பட்டால் அதுவும் உதவாது.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈர உடம்பின் மின்தடை சுமார் 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230-ஐ 1,000-ஆல் வகுக்க 0.23 ஆம்பியர். பழைய 60 வாட் குண்டு பல்பு எடுப்பதைவிடக் குறைவுதான். ஆனால் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்க அது தாராளம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது கொசுக்கடி. அது வயர் சூடேறித் தீப்பிடிக்காமல் இருக்க வைத்தது, ஆளைக் காப்பாற்ற அல்ல.

சரி, மூணு பின் பிளக்கில் எர்த் இருக்கிறதே? அந்தப் பின் மட்டும் நீளமாக இருப்பது, சொருகும்போது முதலில் இணைந்து உருவும்போது கடைசியில் விலகத்தான். கசியும் கரண்ட்டை அது மண்ணுக்குக் கொண்டுபோகும். ஆனால் எர்த் குழி காய்ந்து, தடை 20 ஓம் ஆகிவிட்டால் ஓடுவது 11.5 ஆம்பியர்தான். எம்.சி.பி. அசையாது, கிரைண்டர் மேல் வோல்டேஜ் அப்படியே நிற்கும். கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்வது இதனால்தான். அந்தப் பின்னையே உடைத்துவிட்டு ரெண்டு பின் சாக்கெட்டில் சொருகுகிறவர்களை என்ன சொல்ல!

ஆளுக்கென்றே இருப்பது ஆர்.சி.சி.பி. பழைய பழக்கத்தில் பலர் இ.எல்.சி.பி. என்பார்கள். ஃபேஸில் போன கரண்ட் முழுக்க நியூட்ரலில் திரும்பியதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 0.03 ஆம்பியர் குறைந்தாலும், யார் வழியாகவோ கசிகிறது என்று கண நேரத்தில் துண்டித்துவிடும். வாங்கும்போது ‘30 எம்.ஏ.’ என்று கேட்டு வாங்குங்கள். 100, 300 என்று வருபவை இந்த வேலைக்கு இல்லை. ஒன்று மட்டும் இதனாலும் முடியாது: ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் கணக்கு சரியாகவே தெரியும், விழாமல் போகலாம்.

அதிலிருக்கும் ‘டி’ பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் அடிக்கடி விழுகிறதே என்று பைபாஸ் பண்ணச் சொல்லாதீர்கள். பிளக்குகளை எல்லாம் உருவிவிட்டு ஒவ்வொன்றாகச் சொருகிக்கொண்டே வந்தால், எதைப் போட்டதும் விழுகிறதோ அதில்தான் கசிவு. முதலில் கீசரைப் பாருங்கள்.